டபிள் பாய்கிறவர்களின் பிளேட்

1

இன்று காலை ஆரபியின் வலது கையிலிருந்து பிளாஸ்ரரை வெட்டி எடுத்தார்கள். ஆறு வாரம் மூடிக்கிடந்த கை மெலிந்து, தோல் உரிந்து, வேறு யாருடையதோ போல இருந்தது. அவள் அதை மணந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். டாக்டர் சிரித்தார். மணிக்கட்டு எலும்பு நன்றாகப் பொருந்திவிட்டது, இன்னும் நாலு வாரம் போனால் ஐஸில் இறங்கலாம் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, ஏதாவது கேட்க வேண்டுமா என்றார்.

நான் மகளைத் திரும்பிப் பார்த்தேன். டாக்டர், பாடசாலை, வங்கி, வரிக் கடிதம் எதுவானாலும் அவளைத் திரும்பிப் பார்ப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். அவளுக்கு வயது பன்னிரண்டு.

"நீங்களே கேளுங்கோ அப்பா" என்றாள்.

கேட்டேன். சரியான ஸ்கேற்றிங் பிளேட் போட்டிருந்தால் இந்தக் கை உடைந்திருக்குமா என்று, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். தனக்கு எலும்பைப் பற்றித்தான் தெரியும், பிளேட்டைப் பற்றித் தெரியாது என்றார் டாக்டர்.

ஊரிலிருந்து நண்பர்கள் விசாரிக்கிறார்கள். "பிள்ளை ஐஸில வழுக்கி விழுந்திட்டாவாமே?" எல்லோருக்கும் "ஓம்" என்று ஒரு சொல்லில் பதில் போட்டிருக்கிறேன். அது உண்மையில்லை. அவள் வழுக்கவில்லை. தட்டுப்பட்டு விழுந்தாள். தட்டுப்பட வைத்தது நான் வாங்கிப் பூட்டிய பிளேட். அதை ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

2

ஸ்கேற்றிங் பிளேட்டைக் கையில் எடுத்துப் பார்க்காதவர்கள் அதைக் கத்தி மாதிரி நினைத்துக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கத்திக்கு ஒரு விளிம்பு. இதற்கு இரண்டு. அடிப்பக்கம் நெடுக நடுவில் ஒரு மெல்லிய பள்ளம் ஓடும். பள்ளத்தின் இரு கரைகளும்தான் ஐஸைப் பிடிப்பவை. இடமாகச் சாய்ந்தால் ஒரு விளிம்பில் போகலாம், வலமாகச் சாய்ந்தால் மற்றதில். முன்பக்கம் கதிர் அறுக்கும் அரிவாளில் இருப்பதுபோலப் பற்கள். அவற்றைக் குத்தித்தான் பாய்வார்கள். பழகுகிறவர்களின் பிளேட்டில் பல் சின்னதாக இருக்கும். டபிள், அதாவது காற்றில் இரண்டு தரம் சுற்றிப் பாய்கிறவர்களின் பிளேட்டில் அது பெரிதாக, கீழே இறங்கி இருக்கும்.

இவையெல்லாம் எனக்கு இப்போது தெரியும்.

நான் இங்கே கனடாவில், மார்க்கம் என்ற நகரில் ஒரு பட்டறையில் வேலை செய்கிறேன். உலோகம் வெட்டும் கருவிகளுக்குக் கூர் தீட்டுகிற வேலை. பதினைந்து வருடமாக ஒரே மெஷின். என்னோடு நிற்கிறவர்களில் பாதிப் பேர் தமிழ் ஆட்கள். அதனால்தான் என் ஆங்கிலமும் மெஷினுக்குத் தேவையான அளவில் நின்றுவிட்டது என்று மனைவி சுகந்தி சொல்லுவாள். அவள் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். அவளுடைய ஆங்கிலம் என்னுடையதைவிட நல்லது, ஆனால் வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டாள்.

ஆரபி ஐஸில் இறங்கியது மூன்று பனிக்காலங்களுக்கு முன்பு. பாடசாலையில் ஒரு நாள் கூட்டிக்கொண்டு போனார்கள். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, "அப்பா, நான் ஸ்கேற்றிங் பழகவா?" என்றாள். அதுவரை தனக்கென்று எதையும் கேட்டிராத பிள்ளை. நாங்கள் இருக்கும் மோர்னிங்சைட்டிலிருந்து ஐஸ் அரங்கம் பஸ்ஸில் நாலு தரிப்பு. சேர்த்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து நேரே போய், கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பேன். சுற்றிவர வெள்ளைக்காரப் பெற்றோரும் சீனப் பெற்றோரும். நான் பட்டறை உடுப்போடு நிற்பேன். அந்த ஒரு மணித்தியாலம் எனக்குக் கனடா பிடிக்கும்.

3

இலையுதிர்காலத்தில் கோச்சிடமிருந்து ஒரு ஈமெயில் வந்தது. கோச்சின் பெயர் டயான். நான் முதலில் தனியாக வாசித்தேன். நீண்ட கடிதம். நடுவில் ஒரு வரி கண்ணில் பட்டது. "ஹெர் எட்ஜஸ் ஆர் வீக்." எட்ஜ் என்றால் எனக்குத் தெரியாதா? பதினைந்து வருடமாகச் சோறு போடுகிற சொல் அது. விளிம்பு. கூர். விளிம்பு பலவீனம் என்றால் உருக்கு மட்டமானது, கூர் நிற்கவில்லை என்று அர்த்தம். அதற்குக் கீழே அடுத்த லெவல் பற்றியும் ஏதோ இருந்தது.

ஆரபியைக் கூப்பிட்டேன்.

"உதென்ன, உன்ர பிளேட் வீக்காம், மாத்தினால் அடுத்த லெவலுக்குப் போகலாமாம் எண்டோ எழுதியிருக்கிறா?"

அவள் போனை வாங்கி வாசித்தாள். கொஞ்ச நேரம் எடுத்தது.

"ஓம்ப்பா" என்றாள்.

அன்றைக்கே கோச்சுக்குப் பதில் போட்டேன். மிகவும் நன்றி, எட்ஜை நான் சரிசெய்கிறேன் என்று. அவர் சந்தோஷமாக ஒரு வரி திருப்பி அனுப்பினார். பின்னேரம் லண்டனில் இருக்கும் அண்ணைக்குப் போன் எடுத்து, பிள்ளை அடுத்த லெவலுக்குப் போகிறாள் என்றேன். ஆரபி அப்போது அதே அறையில்தான் இருந்தாள்.

ரூஜ் என்ற பகுதியில் ஒரு தமிழ் வீட்டில் பாவித்த பிளேட் விற்பனைக்கு இருப்பதாகப் பட்டறையில் ஒருவர் சொன்னார். போனேன். கதவைத் திறந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அக்கா. மகள் ஸ்கேற்றிங்கை விட்டுவிட்டாளாம். பிளேட்டைத் துணியில் சுற்றி வைத்திருந்தார். வாங்கிப் பார்த்தேன். அந்த உருக்கைப் பார்த்ததும் என் கை அதை விடமறுத்தது. அவ்வளவு நல்ல சாமான்.

"பிள்ளை என்ன ஜம்ப் பண்ணுறா?" என்று கேட்டார்.

"எல்லாம் பண்ணுவா, அக்கா."

"இது டபிள் பாயிறவைக்கு, தம்பி. முன்பல் பெரிசு. பழகிற பிள்ளையளுக்குத் தட்டுப்படும்."

எனக்குச் சுருக்கென்றது. என்னுடைய உடுப்பைப் பார்த்து, என் பிள்ளையைக் குறைத்து மதிக்கிறார் என்று நினைத்தேன்.

"என்ர பிள்ளை அந்த லெவலுக்கு வந்திட்டா. கோச்சே எழுதியிருக்கிறா."

அவர் சுற்றியிருந்த துணியையும் என் கையில் தந்து, காசை வாங்கிக்கொண்டார்.

பழைய பூட்ஸில் நானே பூட்டினேன். பட்டறை இடைவேளையில் நானே கூர் தீட்டினேன். நடுப் பள்ளத்தை ஆழமாக இறக்கினேன். நகத்தில் வைத்தால் சீவிக்கொண்டு வந்தது.

4

முதல் செவ்வாய் அவள் ஓரமாகவே சுற்றினாள். புதுச் சாமான், பழக வேண்டும் என்று நினைத்தேன். கண்ணாடிக்கு இங்கால் நின்று பெருவிரலைத் தூக்கிக் காட்டினேன். அவளும் காட்டினாள்.

இரண்டாம் செவ்வாய் விழுந்தாள். பாயவில்லை. பின்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தவள் முன்பக்கம் திரும்பிக் காலை வைத்தாள், அவ்வளவுதான். பல் ஐஸைக் கவ்வியது. உடம்பு மட்டும் முன்னே போனது. கையை ஊன்றினாள். கண்ணாடியூடாக எனக்குச் சத்தம் கேட்கவில்லை. அவள் வாய் திறந்திருந்ததுதான் தெரிந்தது.

முதலுதவி அறையில் கையைப் பலகையில் வைத்துக் கட்டினார்கள். அரங்கத்து அலுவலர் ஒரு படிவத்தை நீட்டினார். இந்த நாட்டில் யார் விழுந்தாலும் முதலில் ஒரு காகிதம் வரும். பெயர், விலாசம், விழுந்த இடம், ஐஸின் நிலை. ஒரு கேள்வி: அணிந்திருந்த உபகரணம் அவருடைய திறன் நிலைக்குப் பொருத்தமானதா? ஆம், இல்லை.

டயான் குனிந்து ஆரபியின் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். பிளேட்டைத் திருப்பிப் பார்த்தவரின் கை அப்படியே நின்றது. இதை யார் பூட்டியது என்று கேட்டார். நான்தான் என்றேன். இது இவளுடைய நிலைக்கு உரியது இல்லையே, எட்ஜ் பலவீனம் என்று நான் எழுதினேனே என்றார்.

"யெஸ். அதனாலதான் எட்ஜை மாத்தினனான்" என்றேன், பாதி ஆங்கிலத்தில்.

அவர் என்னையே பார்த்தார். கோபம் இல்லை. மெதுவாக எழுந்து, ஒற்றைக் காலில் நின்று, உடம்பை ஒரு பக்கம் சாய்த்துக் காட்டினார். பிறகு மறுபக்கம். எட்ஜ் என்றால் இதுதான், பிளேட்டைச் சொல்லவில்லை, அவள் சாய்ந்து நிற்பதைச் சொன்னேன், அவளுக்கு அது இன்னும் வரவில்லை, அடுத்த லெவலுக்கு இந்த வருடம் வேண்டாம் என்று எழுதினேன் என்றார். சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். எனக்கு எல்லாம் விளங்கியது.

ஆரபியைப் பார்த்தேன். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை நோவில் குனிந்திருப்பதாகத் தோன்றவில்லை.

படிவத்தில் "இல்லை" என்ற பெட்டியில் அடையாளம் போட்டேன். கீழே கையெழுத்து வைத்தேன். அது சரியான பதில். அதை எழுத எனக்கு யாருடைய உதவியும் தேவைப்படவில்லை.

5

பல நாள் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததற்குக் காரணம் இருக்கிறது.

ஊரில் சண்டையால் படிப்பு குழம்பிக் கிடந்த காலத்தில் என்னைக் கொழும்பு வெள்ளவத்தையில் மாமா வீட்டில் விட்டிருந்தார்கள். அங்கே சிங்களம் பழகினேன். எனக்குப் பதின்மூன்று வயதாக இருந்தபோது அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து என்னைப் பார்க்க வந்தார். அவருக்குச் சிங்களத்தில் ஒரு சொல் தெரியும். "ஸ்துதி." நன்றி என்று அர்த்தம். இரண்டு பேரும் காலி வீதியில் நடந்து போகும்போது பொலிஸ்காரன் ஒருவன் மறித்தான். அப்பாவின் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தான். பிறகு அப்பாவைப் பார்த்து, அவருடைய தாயையும் பிறப்பையும் இழுத்து ஒரு வசனம் சொன்னான். இவ்வளவு காலத்துக்குப் பிறகும் அதை இங்கே எழுத முடியவில்லை.

"என்னவாம்?" என்றார் அப்பா.

"கவனமாப் போகட்டாம், அப்பா."

அப்பாவின் முகம் மலர்ந்தது. பொலிஸ்காரனைப் பார்த்து, தலையைத் தாழ்த்தி, "ஸ்துதி" என்றார். அவனும் பக்கத்தில் நின்றவனும் வெடித்துச் சிரித்தார்கள். அப்பாவும் கூடச் சிரித்தார். கொழும்பில் எத்தனையோ பேர் கெடுபிடி செய்தாலும் அந்தப் பொடியன் மனுசத்தன்மை உள்ளவன் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

ஈமெயிலுக்கு நான் உடனே நன்றி எழுதியதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

6

ஆனால் ஒரு கேள்வி என்னை விடவில்லை. ஆரபி இதை மட்டும்தான் மாற்றிச் சொன்னாளா? எத்தனை கடிதங்கள் அவள் வாய் வழியாக வந்திருக்கின்றன!

ஒரு சனிக்கிழமை பின்னேரம், அவள் சிநேகிதியின் வீட்டுக்குப் போயிருந்தபோது, அலுமாரியிலிருந்த கடிதக் கோப்பை எடுத்துச் சுகந்தியோடு உட்கார்ந்தேன். ஒவ்வொன்றாக வாசித்தோம். எனக்குப் புரியாத சொல்லைச் சுகந்தி சொன்னாள். அவளுக்கும் தெரியாததைப் போனில் தேடினோம். வரிக் கடிதம், காப்புறுதி, என் கண் பரிசோதனை எல்லாம் ஆரபி சொன்னபடியே இருந்தன. சொல் பிசகாமல் சொல்லியிருக்கிறாள். எனக்கு வெட்கமாகிவிட்டது.

கடைசியில் பாடசாலைக் கடிதம் ஒன்று. மூன்று வருடத்துக்கு முந்தியது. அதை அவள் எப்படிச் சொன்னாள் என்பதுகூட எனக்கு ஞாபகம் இருந்தது. "லஞ்ச் ரைம் பற்றி அப்பா, பெரிசா ஒண்டுமில்லை." மதியநேரத்தைப் பற்றித்தான் எழுதியிருந்தது. ஆரபி சாப்பாட்டு நேரம் பெரும்பாலும் தனியாக இருக்கிறாள், மற்றப் பிள்ளைகளோடு சேரத் தயங்குகிறாள், பெற்றோர் ஒருமுறை வந்து கதைத்தால் நல்லது என்று ஆசிரியை எழுதியிருந்தார்.

நாங்கள் போகவில்லை. இப்போது அந்த ஆசிரியை வேறு பாடசாலைக்குப் போய்விட்டார்.

சுகந்தி திகதியைக் காட்டினாள். ஆரபி ஸ்கேற்றிங் பழகக் கேட்டதற்கு இரண்டு கிழமை முந்தியது.

"உங்களுக்கு விளங்குதோ?" என்றாள். எழுந்து போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். கழுவுவதற்கு ஒரு பாத்திரமும் இருக்கவில்லை.

அடுத்த நாள் ஆரபி இடது கையால் பாண் தின்றுகொண்டிருந்தபோது கேட்டேன்.

"கோச் எழுதினது என்னெண்டு உனக்கு அண்டைக்கே விளங்கினதோ?"

"ஓம்."

"பிறகேன் சொல்லேல்லை?"

"நீங்கள்தானே பிளேட் வீக்கோ எண்டு கேட்டனீங்கள். நான் ஓம் எண்டனான். இட் வாஸ் ஈஸியர்."

"எனக்குப் பொய் சொல்லுறது ஈஸியோ?"

அவள் பாணைக் கீழே வைத்தாள். "நீங்கள் ஹாப்பியா இருந்தீங்கள். உடனே பெரியப்பாவுக்குப் போன் எடுத்துச் சொல்லிப்போட்டீங்கள். அதுக்குப் பிறகு ஐ குடின்ட் சே நோ. புதுப் பிளேட் போட்டா உண்மையாவே நல்லா வந்திடும் எண்டு நினைச்சன்."

"வந்துதோ?"

"முதல் நாளே பயமா இருந்தது."

"அதையாவது சொல்லியிருக்கலாம்தானே, பிள்ளை."

"நீங்கள் கண்ணாடிக்கு அங்கால நிண்டு தம்ஸ் அப் காட்டினீங்கள்."

காலி வீதிக் கதையைச் சொன்னேன். அதுவரை யாருக்கும், சுகந்திக்குக்கூட, சொன்னதில்லை. அவள் கவனமாகக் கேட்டாள்.

"அப்பப்பாவுக்குக் கடைசிவரைக்கும் தெரியாதோ?"

"தெரியாது."

"குட்" என்றாள்.

அது நல்லதுதானா என்று நான் இவ்வளவு காலமாக யோசித்திருக்கிறேன். அவள் ஒரு நொடியில் முடிவுசெய்துவிட்டாள். அது எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை. இனி எனக்கு உண்மையையே சொல்லு என்றேன்.

7

மேலே எழுதியதற்குப் பிறகு ஐந்து வாரம் ஓடிவிட்டது.

அந்தப் பிளேட்டை ரூஜுக்குக் கொண்டுபோய் அந்த அக்காவிடமே கொடுத்தேன். கையில் வாங்கியதும் "பிள்ளைக்கு என்ன நடந்தது?" என்று கேட்டார். சொன்னேன். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ர மகளும் உதிலதான் விழுந்தவ, தம்பி. நாங்கள்தான் அவசரப்பட்டு வாங்கிக் குடுத்தது."

"அப்ப ஏனக்கா எனக்கு வித்தனீங்கள்?"

"நான் சொன்னனான்தானே. நீங்கள்தான் கேக்கேல்லை."

உண்மை. மகள் இப்போது எப்படி என்று கேட்டேன். ஒட்டாவாவில் படிக்கிறாளாம். "கதைப்பா. மாதத்தில ஒருக்கா" என்றார்.

புதுப் பிளேட்டுக்குக் கடைக்குப் போனோம். அங்கே பிளேட் பூட்டுகிற பெண் முதலில் பழைய பூட்ஸை எடுத்து நான் துளைத்த துளைகளைப் பார்த்தார். கழற்றிய பிளேட்டின் படம் என் போனில் இருந்தது, அதையும் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தார். தீட்டியவருக்கு நல்ல கை, ஆனால் இது இரும்பு வெட்டுகிற கூர் என்றார். பிறகு என்னை விட்டுவிட்டு ஆரபியிடம் கேட்டார், உனக்கு என்னென்ன வரும் என்று.

நான் வாயைத் திறக்கவில்லை.

ஆரபி ஆங்கிலத்தில் சொன்னாள். ஒரு சுற்றுப் பாய்ச்சல் வகைகளில் இரண்டுதான் வரும். மற்றவற்றில் விழுவேன். பின்பக்கமாக வெளி விளிம்பில் போகப் பயம். முன்பும் பயம், இப்போது இன்னும் பயம். அவள் மெதுவாகச் சொன்னாள். என் காதிலும் விழ வேண்டும் என்று சொன்னதுபோல இருந்தது.

அந்தப் பெண் தலையாட்டினார். சின்னப் பல் வைத்த ஒன்றை எடுத்துவந்தார். பூட்ஸ் மென்மையானது, அதற்குப் பாரமான பிளேட் கூடாது, பள்ளமும் ஆழமாக வேண்டாம் என்றார். முதலில் சில திருகாணி மட்டும் போட்டுத் தருகிறேன், ஓடிப் பார்த்துவிட்டு வாருங்கள், காலுக்குச் சரியாக நிற்கிறதா என்று பார்த்து மிச்சத்தைப் பூட்டலாம் என்றார். அடுத்த வருடத்துக்கும் சேர்த்து ஒரு படி மேலே வாங்கலாமா என்ற கேள்வி என் நாக்கு நுனிவரை வந்தது. அவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். இன்று செய்வதற்கு இன்று வாங்குங்கள், அடுத்த வருடம் செய்யப்போவதற்கு அடுத்த வருடம் வாருங்கள் என்றார்.

8

திரும்ப ஐஸில் இறங்கும் முதல் செவ்வாய். அவளைவிடச் சின்னப் பிள்ளைகளின் வகுப்பில் விட்டிருந்தார்கள். அரங்கத்துக் கார் தரிப்பிடத்தில் நிறுத்தினேன். இஞ்சினை அணைத்துவிட்டு நானும் இறங்கப் போனேன்.

"அப்பா" என்றாள். பூட்ஸ் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். "இனி உண்மை சொல்லு எண்டு சொன்னீங்கள்தானே?"

"ஓம். சொல்லு."

"நீங்கள் உள்ளுக்கு வர வேண்டாம்."

"இண்டைக்கோ?"

"இண்டைக்கு மட்டுமில்லை. நீங்கள் பாத்துக்கொண்டு நிண்டா எனக்கு விழப் பயமா இருக்கு. விழாமப் பழக ஏலாது."

தூரத்தில் யாரோ ஒரு பெண் மூன்று வயதுக் குழந்தையை ஹெல்மெட்டோடு தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார். ஆரபி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஏதாவது மாறினால் உடனே சொன்னதை மாற்றிச் சொல்லிவிடுவாள் என்று எனக்குத் தெரிந்தது. நான் ஸ்ரியரிங்கைப் பார்த்தேன்.

"சரி, போட்டு வா" என்றேன்.

அவள் போனாள். தரிப்பிடத்திலிருந்து பார்த்தால் அரங்கத்தின் பின்சுவர் மட்டும்தான் தெரியும். ஜன்னல் இல்லை. வருகிற போகிற பெற்றோரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். இரண்டு தரம் கதவைத் திறந்து காலை வெளியே வைத்தேன். இரண்டு தரமும் உள்ளே எடுத்துக்கொண்டேன். குளிர் அதிகம் என்று ஹீற்றரைப் போட்டேன். வேர்த்தது, நிறுத்தினேன்.

ஒரு மணித்தியாலம் முடிந்து அவள் வந்து ஏறினாள். கன்னம் சிவந்திருந்தது. முழங்கால் இரண்டும் நனைந்திருந்தன.

"மூண்டு தரம் விழுந்தனான்" என்றாள்.

"கையை ஊண்டினியோ?"

"ஒருக்கா."

பட்டியைப் போட்டுக்கொண்டாள். நான் காரை எடுத்தேன்.